படகு வார்னிஷ்

எடின்பரோ
6 பிப்ரவரி 1950

அன்புள்ள டோலினா அக்காவுக்கு,

மார்சலி எழுதுவது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். மூட்டுவலி மட்டும் குளிரோடு வந்தது, விருந்தாளி மாதிரி உட்கார்ந்துகொண்டு போக மாட்டேன் என்கிறது. நீயும் கேலம் அத்தானும் சுகமா? பசு கன்று போட்டுவிட்டதா?

அவசரத்தில் எழுத்து கோணுகிறது. பயப்படாதே, நல்ல செய்திதான். நேற்று ட்ரம்மண்ட் என்று ஒருவர் என் நாலாம் மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வந்தார். ஜூன் மாதம் இங்கே பெரிய ஓவியக் கண்காட்சி வைக்கப்போகிறார்களாம். யாருடைய படங்கள் தெரியுமா? நம் நினியனின் சிநேகிதர்கள் நாலு பேருடையது. ‘ஸ்காட்லாந்து வண்ணக்காரர்கள்’ என்று இப்போது அவர்களுக்குப் பெயராம்! பாரிசுக்குப் போய்த் திரும்பி வந்து அவர்கள் நீல மரமும் ஆரஞ்சு நிழலும் போட்டபோது, குழந்தை கிறுக்கினது என்று சிரித்த அதே ஜனங்கள்தான் இன்று பட்டம் கட்டுகிறார்கள்.

ட்ரம்மண்ட் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அம்மா, உங்க கணவரும் அவங்களோடதான் பாரிஸ்ல இருந்தார், அவங்களோடதான் அயோனாத் தீவுல வந்து வரைஞ்சார். ஆனா ஊர் அவர மறந்துடுச்சு. நான் சின்னப் பையனா இருந்தப்ப அவரோட ‘வெண்மணல்’ படத்தப் பாத்திருக்கேன். அது ஒண்ணு கெடச்சாப் போதும், நாலு பேர்ங்கறத அஞ்சு பேர்னு அச்சடிச்சுடுவேன்.”

அக்கா, மற்ற படமெல்லாம் எங்கெங்கோ போய்விட்டது. என்னிடம் மிச்சம் இருப்பது பென்சில் கிறுக்கல்கள். ‘வெண்மணல்’ ஒன்றுதான் அவர் பெயரைச் சொல்ல இருக்கிறது. முப்பத்தொன்பதில் குண்டு விழும் என்று பயந்து உன்னிடம் அனுப்பி வைத்தேனே, அந்தப் புத்தி எனக்கு வந்ததற்குக் கடவுளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். ஏப்ரல் கடைசிக்குள் இங்கே வந்து சேர வேண்டும், கண்காட்சிப் படங்களின் அட்டவணை மே மாதம் அச்சுக்குப் போகிறது.

ட்ரம்மண்ட் திரும்பத் திரும்ப ஒன்றைக் கேட்டார்: “அதுக்கு யாரும் வார்னிஷ் பூசலியே?” நான் சிரித்துவிட்டேன். படத்தின் பின்பக்கம் நினியனே கறுப்பு மையில் எழுதி வைத்திருக்கிறாரே, வார்னிஷ் பூசவே கூடாது என்று! 

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானுக்கு என் வணக்கம். உடனே பதில் போடு.

உன் தங்கை
மார்சலி

*

அயோனா
19 பிப்ரவரி 1950

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம். பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளை. உன் மூட்டுக்கு ஆட்டுக் கொழுப்பைச் சூடாக்கித் தேய், வெட்கப்படாதே, நாலாம் மாடியில் யார் வந்து மோந்து பார்க்கப் போகிறார்கள்?

கண்காட்சி சேதி கேட்டு ரொம்ப சந்தோஷம். கேலம் அத்தான் கேட்டதும் தொப்பியைக் கழற்றி மேசைமேல் அடித்தார். “நான் சொன்னேனா இல்லியா? நினியன் மொன்கர் பெரிய ஆளா வருவார்னு!” அவர் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. “ரெண்டு பவுண்டு பெயிண்ட கடல்ல கொட்டற மனுஷன்” என்று சொன்னதுதான் ஞாபகம்.

கன்று வந்ததிலிருந்து தூக்கமே இல்லை. காற்றும் மோசம். மல் தீவிலிருந்து தபால் படகு நாலு நாள் வரவில்லை. 

ட்ரம்மண்ட் துரைக்கு வேறு படம் எதுவும் ஆகாதா? பென்சில் படங்கள் நன்றாக இருக்குமே, அவை கையால் போட்டதுதானே. இன்னொன்று, சும்மா கேட்கிறேன். நம் பக்கத்து வீட்டு கேட்டி தன்னிடம் இருக்கும் படம் ஒன்றுக்கு யாரோ வார்னிஷ் பூசிவிட்டதாகச் சொன்னாள். அப்படிப் பூசிவிட்டால் துடைத்து எடுக்க ஏதாவது வழி உண்டா? அவள் நச்சரிக்கிறாள், அதனால்தான்.

குளிரில் வெளியே அலையாதே. வயிறாரச் சாப்பிடு.

அக்கா
டோலினா

*

எடின்பரோ
27 பிப்ரவரி 1950

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆசை. கன்றுக்கு என் பெயரை வைத்துவிடாதே, போன தடவை மார்சலி முட்டுகிறாள், மார்சலி உதைக்கிறாள் என்று எழுதி மானத்தை வாங்கினாய்.

கேட்டி வீட்டுக் காலண்டர் படத்துக்கு வார்னிஷ் என்ன, தார்கூடப் பூசட்டும். ஆனால் கேட்டாய், சொல்கிறேன். சாதாரண எண்ணெய்ச் சித்திரம் என்றால் வார்னிஷைக் கரைத்து எடுத்துவிடலாம். நினியனும் அவர் சிநேகிதர்களும் வைத்திருந்தது வேறு முறை. பலகையில் முதலில் சுண்ணாம்புக் கட்டியையும் பசையையும் குழைத்து வெள்ளையாகப் பூசுவார்கள். அது வர்ணத்திலுள்ள எண்ணெயைக் குடித்துவிடும். அதனால்தான் வெள்ளையடித்த சுவர் மாதிரி, மினுக்கம் இல்லாமல், அவ்வளவு வெளிச்சமாக இருக்கும். அதன்மேல் வார்னிஷ் பட்டால் அதையும் குடிக்கும். உள்ளே போனது போனதுதான். தேநீரில் நனைத்த ரொட்டியிலிருந்து யாராவது தேநீரைப் பிழிந்தெடுக்க முடியுமா?

பென்சில் படமெல்லாம் ஆகாது. அக்கா, உனக்குப் புரியவில்லை என்று நினைக்கிறேன். கூட்டத்தில் சேராமல் விட்டால் அவர் இல்லவே இல்லை என்று ஆகிவிடும். அவர் போய்ச் சேர்ந்த இந்தப் பன்னிரண்டு வருஷமும் யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள் என்றுதான் நான் உட்கார்ந்திருந்தேன். தட்டிவிட்டார்கள். சீக்கிரம் அனுப்பு.

அத்தானுக்கு வணக்கம்.

மார்சலி

*

அயோனா
8 மார்ச் 1950
(இந்தக் கடிதம் தபாலில் சேர்க்கப்படவில்லை.)

மார்சலி,

சுகமா என்று கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

கேட்டி வீட்டில் படம் எதுவும் இல்லை. நம் வீட்டுப் படம்தான். பூசினது உன் அத்தான். நாற்பத்தேழு குளிர்காலத்தில் சுவரெல்லாம் ஈரம் ஊறிக்கொண்டிருந்தபோது, ஒருநாள் படத்தின் முன்னால் நின்று, “பாவம் டோலினா, மனுஷன் கடைசிப் பூச்சு பூசாமலே போயிட்டார். இப்படியே விட்டா பலகை உளுத்துடும். நாம முடிச்சு வெப்போம்” என்றார். அவருக்குப் படகென்றாலும் கதவென்றாலும் வார்னிஷ் பூசாதது வேலை முடியாதது. யுத்தத்துக்கு முன்னால் வாங்கி, தன் படகுக்கென்று பூட்டி வைத்திருந்த நல்ல வார்னிஷ் ஒரு டப்பா இருந்தது. அதைத் திறந்தார். மேசையில் படத்தைப் படுக்க வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பூச்சு. அந்த வருஷம் படகுக்குப் பூச்சு இல்லை.

நான்தான் விளக்கைப் பிடித்தேன். படம் பளபளவென்று ஆனதும் கைதட்டினேன். பின்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லையே! இப்போது மணல் தேநீர் நிறமாக இருக்கிறது. அடுப்புப் புகை என்றுதான் இத்தனை நாள் நினைத்தோம். உன் முதல் கடிதம் வந்த அன்றுதான் அவர் ஆடு பார்க்கப் போனதும் இறக்கித் திருப்பினேன். நீ சொன்ன எழுத்து அப்படியே இருந்தது.

அவரிடம் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? உன்னிடம்

*

அயோனா
30 மார்ச் 1950

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லாரும் நலம். பதில் போடத் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. ஆட்டுக்குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறக்கின்றன, கையைக் கழுவ நேரம் இல்லை. அத்தானுக்கு இடுப்புப் பிடிப்பு. கடல் சரியில்லை, இந்த அலையில் படத்தை ஏற்றினால் உப்புத்தண்ணீர் பட்டுவிடும். பெட்டி செய்யப் பலகையும் கிடைக்கவில்லை, மடத்தைப் புதுப்பிக்கிறவர்கள் தீவில் இருக்கும் பலகையையெல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டார்கள்.

முட்டை ஒரு டஜன் அனுப்பியிருக்கிறேன். உமியில் புதைத்திருக்கிறேன், உடையாது.

அக்கா
டோலினா

*

எடின்பரோ
6 ஏப்ரல் 1950

டோலினா அக்காவுக்கு,

நான் நலமாக இல்லை. முட்டை பத்திரமாக வந்தது. முட்டை ஏறுகிற படகில் படம் ஏறாதா?

ட்ரம்மண்ட் இரண்டு தடவை வந்து போய்விட்டார். நான் பொய் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அக்கா, நேராகக் கேட்கிறேன். கோடையில் தீவுக்கு வருகிற பணக்காரத் துரை எவனாவது கண் வைத்தானா? விற்றுவிட்டீர்களா? கேலம் அத்தானுக்குப் புதுப்படகு ஆசை எப்போதும் உண்டு. அவர் கை வைத்திருந்தால் அதையாவது சொல்லித் தொலை. நினியனைத் தன் படகில் ஓசியில் கூட்டிக்கொண்டு போனேன் என்று அவர் சொல்லிக்காட்டாத வருஷம் கிடையாது. கடைசியில் வட்டியோடு எடுத்துக்கொண்டாரா?

மார்சலி

*

அயோனா
14 ஏப்ரல் 1950

மார்சலிக்கு,

உன் உடம்பு தேற வேண்டுகிறேன். உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன், அவர் கண்ணில் படக் கூடாது என்று.

அவர் விற்கவில்லை. அவர் வார்னிஷ் பூசினார். கேட்டி பேரைச் சொல்லி நான் கேட்டது நம் படத்தைத்தான். மூன்று வருஷம் முன்பு, ஈரத்திலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து, தன் படகுக்கு வைத்திருந்ததை எடுத்து உன் புருஷன் படத்துக்குப் பூசினார். பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தவள் நான். திட்டுவதென்றால் என்னைத் திட்டு, வண்டி வண்டியாகத் திட்டு. அவரைத் திருடன் என்று மட்டும் சொல்லாதே. ஓசியில் கூட்டிக்கொண்டு போனதைச் சொல்லிக்காட்டினார், உண்மைதான். ஆனால் பனிமூட்டத்தில் மொன்கர் தீவின் வடமுனையில் மாட்டிக்கொண்ட அன்று, யாரும் கடலில் இறங்காதபோது இறங்கினதும் இவர்தான். அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

படம் செவ்வாய்க்கிழமைப் படகில் வருகிறது. பெட்டி அவரே செய்தார். இரண்டு நாள் பாடிக்கொண்டே இழைத்தார். “பளபளன்னு போய் நிக்கப் போகுது பாரு. இந்த வார்னிஷ் மட்டும் பூசலேன்னா இந்நேரம் பலகை பல்லிளிச்சிருக்கும்” என்கிறார். நான் தலையாட்டினேன்.

சரிப்படுத்துகிறவர்கள் அங்கே இருப்பார்கள், ஒருவேளை ஏதாவது செய்ய முடியும். முடியாவிட்டாலும், உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், அவருக்கு மட்டும் தெரிய வேண்டாம். அறுபத்து நாலு வயசு. அவர் ஜாக்கிரதையாகச் செய்த ஒரு வேலை மேல் அவருக்கு இருக்கிற பெருமை உனக்குத் தெரியாது.

பாவி
டோலினா

*

எடின்பரோ
11 மே 1950

அக்காவுக்கு,

மூன்று வாரமாகப் பேனாவைத் தொடவில்லை. தொட்டிருந்தால் நீ என் முகத்திலேயே விழித்திருக்க மாட்டாய்.

பெட்டி வந்தது. மூலைக்கு மூலை கம்பளி, நடுவில் அத்தானுடைய மழை அங்கி, ஒரு கீறல் இல்லை. எவ்வளவு பத்திரம்! ஆணியைப் பிடுங்கிப் பார்த்தேன். அந்த வெள்ளை எங்கே அக்கா? உனக்குத் தெரியுமே, வெயிலில் கண் கூசுகிற வெள்ளை. அதற்காக நினியன் பதினோரு நாள் அந்த மணலில் காய்ந்தார். இப்போது அது ஆறிப்போன தேநீர். கடல் பச்சை காணாமல் போய்ப் பழுப்பாக நிற்கிறது.

ட்ரம்மண்ட் ஒரு நிபுணரைக் கூட்டி வந்தார். அந்த மனிதர் ஓர் ஓரத்தில் பஞ்சால் தொட்டார், பஞ்சில் மணலும் சேர்ந்து வந்துவிட்டது. தலையை ஆட்டிவிட்டுப் பஞ்சை என் கண்ணில் படாமல் பையில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். ட்ரம்மண்ட் நல்ல மனிதர், பின்பக்க எழுத்தைப் படித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: “எந்த மடையன் செஞ்ச வேல இது?” எனக்கு என்ன ஆனதோ, “நான்தான்” என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை. அந்த மழை அங்கி நாற்காலியில் கிடந்தது, அதனாலாக இருக்கும்.

அட்டவணை அச்சாகிவிட்டது. நாலு பேர்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத மனசு வரவில்லை. விற்றீர்களா என்று கேட்டதற்கு மட்டும் வருந்துகிறேன். இத்துடன் இருக்கும் இன்னொரு தாள் அத்தானுக்கு. நீ கேட்டதற்காக எழுதினேன், எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டேன். படித்துக் காட்டு.

மார்சலி

(உடன் வைத்த தாள்)

அன்புள்ள கேலம் அத்தானுக்கு,

வணக்கம். இடுப்பு வலி குறைந்ததா? படம் சேதமில்லாமல் வந்து சேர்ந்தது. பெட்டி வேலையைப் பார்த்து எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். ஜூன் முதல் தேதி கண்காட்சி திறக்கிறார்கள். நம் படத்தை நல்ல இடத்தில் மாட்டுகிறார்கள். உங்கள் சிரமத்துக்கு நன்றி.

மார்சலி

*

அயோனா
5 ஜூன் 1950

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம்தானே? இங்கே ஒன்றும் சுகமில்லை, தலை போகிற காரியம்.

உன் தாளைப் படித்துக் காட்டினேன். வாங்கி, மடித்து, பைபிளுக்குள் வைத்துக்கொண்டார். படகுத்துறையில் எல்லாரிடமும் காட்டியாயிற்று. போன ஞாயிறு சர்ச் முடிந்து வெளியே வந்ததும், “டோலினா, நான் எடின்பரோ போறேன்” என்கிறார்! ஓபன் துறைமுகத்தைத் தாண்டிப் போகாத மனுஷன். மருமகன் படகைப் பார்த்துக்கொள்வானாம். நான் என்னென்னவோ சொன்னேன். கூட்டம் என்றேன், இடுப்பு என்றேன், நகரத்தில் ஜேப்படிக்காரன் என்றேன். “எங்கிட்ட இருக்கறதே கைக்குட்டை, எடுத்துக்கட்டும்” என்று சிரிக்கிறார்.

பன்னிரண்டாம் தேதி திங்கட்கிழமை கிளம்புகிறார், மறுநாள் உன் வாசலில் இருப்பார். படத்தை எங்கோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஏதாவது சொல். நீ கெட்டிக்காரி. நான் இந்த மூன்று வருஷத்தைத் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். ஒரு தடவை திருப்பிப் பார்த்திருந்தால் போதுமே!

காய்ந்த மீன் கொடுத்தனுப்புகிறேன்.

டோலினா

*

எடின்பரோ
18 ஜூன் 1950

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் நாளைக் காலை ரயில் ஏறுகிறார், வழியில் ஓபனில் இரண்டு நாள் கயிறும் வலையும் பார்க்க வேண்டுமாம், வியாழக்கிழமை வந்து சேர்வார். உடம்புக்கு ஒன்றும் இல்லை. இந்தக் கடிதம் அவருக்கு முன்னால் வந்துவிட வேண்டும், அதற்காக அவசரமாக எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

செவ்வாய்க்கிழமை வந்தார், சர்ச்சுக்குப் போடுகிற கறுப்புக் கோட்டும், கையில் மீன் பொட்டலமும். நான் மாடிப்படி ஏறி இறங்கும்போதெல்லாம் ஒப்பித்து வைத்திருந்ததைச் சொன்னேன்: படத்தைப் போட்டோ எடுக்கக் கொண்டுபோயிருக்கிறார்கள், ஒரு வாரம் ஆகும். “அதனாலென்ன, மத்ததப் பாக்கறேன்” என்றார். மறுக்க முடியவில்லை. புதன்கிழமை கூட்டிக்கொண்டு போனேன்.

நாலு கூடம் நிறைய அவர்கள் படங்கள். ரோஜாப் பூக்களும், கறுப்பு விசிறி பிடித்த பெண்களும். அத்தான் அதையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே அயோனாப் படங்கள் பக்கம் போனார். “இந்தப் பாறைக்கு நாந்தான் துடுப்புப் போட்டுக் கூட்டிட்டுப் போனேன். அன்னிக்கு இந்த மேகம் கெடையாது, மனுஷன் சேத்துக்கிட்டார்” என்று சத்தமாகச் சொன்னார், நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பயம்கூடக் கொஞ்சம் விட்டது.

பிறகு அவர் படத்துக்கு நேரே நிற்காமல், சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் போய் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். படகுப் பலகையில் பூச்சு சமமாக இருக்கிறதா என்று பார்ப்பாரே, அப்படி. அடுத்த படத்துக்குப் போனார், அதற்கும் அப்படியே. காவலாளி பின்னாலேயே வந்தான். மொத்தக் கூடத்தையும் அப்படிச் சுற்றி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. எனக்குக் கால் மரத்துவிட்டது.

“மார்சலி, இங்க ஒண்ணுலகூட வார்னிஷ் இல்ல” என்றார்.

“ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு பழக்கம், அத்தான்.”

“நாப்பது வருஷமா பூசறவன் நான். மறந்து விட்டதுக்கும் வேணும்னு விட்டதுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? நாலு பேரும் மறப்பாங்களா?” கொஞ்ச நேரம் தொப்பியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். “நம்ம படம் உன் வீட்லதான இருக்கு?”

வீட்டுக்கு வந்து அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தேன். முன்பக்கம் அவர் பார்க்கவே இல்லை. திருப்பிப் போட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, இங்கிலீஷ் எழுத்தை விரல் வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். உனக்குத் தெரியும், அவருக்கு நம் தீவுப் பாஷை கேலிக்கில் இருக்கிற பைபிள்தான் சரளம். இரண்டாவது தடவையும் முதலிலிருந்து படித்தார்.

“எத்தன தடவ அவரக் கர சேத்திருக்கேன். கடைசியில நானே முக்கிட்டேன்” என்றார். அப்புறம், “டோலினாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது” என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது.

“நல்லது. தெரிய வேணாம். விளக்குப் பிடிச்சவ அவ. தெரிஞ்சா அவ கைய அவளே வெட்டிக்குவா.”

அக்கா, அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். போனது போகட்டும் அத்தான் என்று ஒன்றே ஒன்று. அவர் காத்துக்கொண்டிருந்தார், எனக்குத் தெரிந்தது. வாய் வரவில்லை. அவர்மேல் கோபம் என்றும் இல்லை, ஆனால் வரவில்லை. மீனை வேகவைத்து, உருளைக்கிழங்கோடு இரண்டு பேரும் சாப்பிட்டோம். அப்புறம் நாலு நாளும் அவர் ஜன்னல் சட்டம், கதவுக் கீல், ஆடுகிற நாற்காலி என்று கையில் கிடைத்ததையெல்லாம் சரிசெய்துகொண்டே இருந்தார். படத்தைப் பற்றி இரண்டு பேரும் பேசவே இல்லை.

உனக்குத் தெரியாத மாதிரியே இருந்துகொள். அவருக்குச் சூடாக ஏதாவது கொடு.

மார்சலி

*

அயோனா
25 ஜூன் 1950

என் அன்புத் தங்கச்சிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். மூட்டுவலி எப்படி? உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அவர் வியாழக்கிழமை வந்தார். ஒரு நாள் எனக்கு அழுவதற்குக் கிடைத்தது, அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு துறைக்குப் போனேன்.

படகிலிருந்து இறங்குவதற்குள் கேட்டி, “என்ன கேலம், படத்தப் பாத்தியா?” என்று கத்தினாள். பாதித் தீவு அங்கே நின்றது. இவர் பையைக் கீழே வைத்தார்.

“பாத்தேனாவா? நட்ட நடுக் கூடத்துல மாட்டியிருக்கான். ஒரு அம்மா குடைய ஊணிக்கிட்டு அரை மணி நேரம் நகரல. காவக்காரன் வந்து, ‘அம்மா, மத்தவங்களுக்கும் வழி விடுங்க’ன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு.”

“அப்ப மொத்தம் அஞ்சு பேரா?”

“அஞ்சு பேர்தான். அச்சுல போட்டிருக்கான்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார், கண் இமைக்காமல். மார்சலி, முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் இந்த மனுஷன் என்னிடம் சொன்ன முதல் பொய் இது. பொய் சொல்லத் தெரியாதவர், முகமெல்லாம் சிவந்து காது வரைக்கும் ஏறிவிட்டது. நான் என்ன செய்வேன்? “வெயில்ல நிக்காதீங்க, வாங்க” என்று பையைத் தூக்கிக்கொண்டேன். வீட்டுக்குள் வந்ததும், “பளபளன்னு இருந்துதா?” என்று கேட்டேன். கேட்காவிட்டால் சந்தேகப்படுவாரே என்று. “இருந்துது” என்றார். பிறகு வெளியே போய் ஆடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது தினமும் யாராவது வந்து கதை கேட்கிறார்கள். குடை அம்மாவுக்கு ஒரு நாய் வந்துவிட்டது, தொப்பி வந்துவிட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து காலுறை பின்னிக்கொண்டே கேட்கிறேன். என்னைக் காப்பாற்றுவதற்காக அவர் சொல்கிறார், அவரைக் காப்பாற்றுவதற்காக நான் நம்புகிறேன். ஆள் இல்லாதபோது அவர் பேசுவதே குறைந்துவிட்டது. சாப்பாட்டைத் தள்ளி வைக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, மார்சலி. தெரியும் என்று நான் சொல்லிவிட்டால் அவர் சுமக்கிறது இன்னும் கனத்துவிடும். தேற்றுகிற வார்த்தை என்னிடம் நிறைய இருக்கிறது, ஆனால் அவருக்கு வேண்டியது என்னுடையது இல்லை.

அன்று உன் வாய்க்கு வராத வார்த்தை, இன்று கைக்கு வருமா? வரும் என்றால் ஒரு தாளில் எழுது. நம் பாஷையில், பெரிய எழுத்தாக. உறைமேல் அவர் பெயரைப் போடு. இந்த வீட்டுக்கு வருகிற கடிதங்களையெல்லாம் இத்தனை வருஷமும் நான்தான் பிரித்திருக்கிறேன். அதை நான் பிரிக்க மாட்டேன்.

உன் அக்கா
டோலினா